இங்க்ஸ்கேப்பைப் போட்டு, நமக்கென்று நீட்சி எழுதிப் பார்த்ததில் தெரிந்தவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே மாதிரியான வரைவேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர் நீங்கள் என்றால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளை இன்றே போடுங்கள். போட்டதோடு நின்றுவிடாமல், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அதற்குச் சொந்தமாக ஒரு நீட்சி, அதாவது அதில் புது வசதி சேர்க்கும் குட்டி நிரல், எழுதிப் பாருங்கள். வெறும் வரைகருவி என்று பார்த்தால் அது நல்ல மென்பொருள், குறைகளும் உண்டு, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு வைத்து ஒவ்வொரு பட்டனாக எண்ணிக்கொண்டே போகலாம். அப்படிப்பட்ட விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அது தினசரிக் கருவியாக ஆனதற்குக் காரணம் வேறு: அது தராத கருவியை நானே செய்து அதன் மெனுவில் மாட்டிக்கொள்ள முடிகிறது, அதற்கு இரண்டு சின்னக் கோப்புகள் போதும்.

இங்க்ஸ்கேப் 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. இன்றைக்கும் இங்க்ஸ்கேப்பில் வரைந்த படத்தை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் சோடிபோடி என்ற பெயர் உள்ளே பல இடத்தில் கண்ணில் படும். பழைய குடும்பப் பெயர் அது, தொடாமல் விட்டுவிடுங்கள். ஆனால் "டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால்" என்று சொன்னேனே, விஷயமே அதில்தான் இருக்கிறது. இங்க்ஸ்கேப் தன் படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமிக்கிறது, எஸ்விஜி என்பது எக்ஸ்எம்எல், எக்ஸ்எம்எல் என்பது நாம் படிக்கக்கூடிய எழுத்து. ஒரு வட்டம் வரைந்தால் அது கோப்பில் ஒரு வரி: மையம் எங்கே, ஆரம் எவ்வளவு, என்ன நிறம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், எக்ஸ்எம்எல் எடிட்டர் திறக்கும், படத்தில் வட்டத்தைத் தொட்டால் அதற்குரிய வரி அங்கே தானாகத் தேர்வாகும், ஆரத்தின் எண்ணை மாற்றினால் கண்முன்னே வட்டம் பெரிதாகும். நீட்சி எழுதுவது என்பது இதே காரியத்தைக் கைக்குப் பதிலாகப் பைத்தான் என்ற நிரல்மொழியை விட்டுச் செய்யச் சொல்வது, அவ்வளவுதான். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். மின்னணுக் கருவிப் பெட்டிகளுக்கு முகப்புத் தகடு வரைகிறேன். ஸ்விட்ச், குமிழ், கனெக்டர், விளக்கு என்று ஒரு தகட்டில் நாற்பது, ஐம்பது துளைகள் வரும். ஒவ்வொரு துளையின் மையத்திலும் ஒரு சின்னக் கூட்டல் குறி வேண்டும், பக்கத்தில் ஒரு எண் வேண்டும், அந்த எண் தனியாக இருக்கும் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். கையால் செய்தால் அரை நாள். ஒரு துளை நகர்ந்தால் மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து.

இனி இன்ஸ்டால் செய்கிற கதை. படம் மட்டும் வரையப் போகிறீர்கள் என்றால் எந்த வழியில் போட்டாலும் ஒன்றுதான், இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். நீட்சி போடப் போகிறீர்கள் என்றால் எந்த வழியில் போட்டீர்கள் என்பது முக்கியம், ஏனென்றால் நீட்சியை ஓட்டுவது பைத்தான், கேள்வியெல்லாம் "எந்தப் பைத்தான்" என்பதுதான். விண்டோஸில் இங்க்ஸ்கேப் தன்னோடு ஒரு பைத்தானையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் கணினியில் ஏற்கெனவே நீங்கள் போட்டு வைத்திருக்கும் பைத்தானை அது திரும்பிக்கூடப் பார்க்காது. லினக்ஸில் டிஸ்ட்ரோவின் (உங்கள் லினக்ஸ் வகையின்) களஞ்சியத்திலிருந்து போட்டால் கணினியின் பைத்தானையே எடுத்துக்கொள்ளும். ஃபிளாட்பேக், ஸ்னாப் மாதிரியான பொதிகளில் போட்டால் அது ஒரு வேலிக்குள் இருக்கிறது, வேலிக்குள் இருக்கும் பைத்தான்தான் அதற்குத் தெரியும், வெளியே நீங்கள் என்ன போட்டு வைத்திருந்தாலும் தெரியாது. பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இது தெரியாமல் ஒரு முழு மாலை போனது. துளைப் பட்டியல் எனக்கு எக்செல் கோப்பாகத்தான் வரும், அதைப் பைத்தானில் படிக்க ஓபன்பைஎக்செல் என்ற மாட்யூல் (துணை நிரல் தொகுப்பு) வேண்டும். டெர்மினலில், மாட்யூல்களை இறக்கிப் போடும் பிப் என்ற கருவி மூலம் போட்டேன், டெர்மினலில் பைத்தானைத் திறந்து அழைத்துப் பார்த்தேன், வந்தது. இங்க்ஸ்கேப்பில் நீட்சியை ஓட்டினால் "அப்படி ஒரு மாட்யூல் இல்லை" என்று பிழை. மறுபடியும் போட்டேன், கணினியை மூடித் திறந்தேன், அதே பிழை. கடைசியில் நீட்சிக்குள் ஒரே ஒரு வரி எழுதி, "நீ ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் எந்த இடத்தில் இருக்கிறது" என்று கேட்டேன், அது சொன்ன பாதை நான் நினைத்துக்கொண்டிருந்த பாதையே இல்லை. அன்றிலிருந்து புதுக் கணினியில் இங்க்ஸ்கேப் போட்டதும் நான் முதலில் ஓட்டுவது அந்த ஒற்றை வரி நீட்சியைத்தான்.

சரி, தீர்வு என்ன? லினக்ஸில் டிஸ்ட்ரோ களஞ்சியத்துப் பதிப்பை எடுங்கள். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு: டெபியன் 12 முதல் கணினியின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எதையும் போட விடாது, வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி மறுத்துவிடும். அதை வலுக்கட்டாயமாக மீறாதீர்கள். தனியாக ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது கணினியின் பைத்தானிலிருந்து பிரிந்த தனிப் பைத்தான் ஃபோல்டர், உருவாக்குங்கள், கணினியின் மாட்யூல்களையும் அது பார்க்கும்படி உருவாக்குங்கள், இல்லாவிட்டால் எல்எக்ஸ்எம்எல், நம்பை என்று நீட்சிகளுக்குத் தேவையான மாட்யூல்கள் எல்லாவற்றையும் அதற்குள் மறுபடி போட வேண்டி வரும். அப்புறம் இங்க்ஸ்கேப்பின் பிரிஃபரன்சஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் நீட்சிகளுக்கான பகுதியில் பைத்தான் இன்டர்பிரட்டர் என்ற பண்பைச் சேர்த்து, அந்தப் புதுப் பைத்தானின் பாதையைக் கொடுங்கள். இதைச் செய்யும்போது இங்க்ஸ்கேப் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் அது மூடும்போது தன் நினைவில் இருப்பதை அந்தக் கோப்பில் மறுபடி எழுதும், நீங்கள் சேர்த்த வரி காணாமல் போகும். விண்டோஸில் இங்க்ஸ்கேப்பின் ஃபோல்டருக்குள் இருக்கும் பைத்தானை அழைத்து அதன் பிப் மூலமாகவே போட வேண்டும். சுத்தமாகப் பைத்தானில் எழுதிய மாட்யூல்கள் அப்படி ஏறிவிடும், சி-யில் எழுதிக் கட்டப்பட்ட பகுதிகள் உள்ளவை பெரும்பாலும் ஏறாது.

இவ்வளவும் செய்து பழகிய பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு ரொம்ப எளிமையானது. எக்செல் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளி போட்டுப் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்துக்கொண்டேன், பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலாலேயே படித்துவிட்டேன். இன்று என் நீட்சிகள் எதற்கும் வெளி மாட்யூல் தேவையில்லை. எந்தக் கணினியிலும், எந்த வழியில் போட்ட இங்க்ஸ்கேப்பிலும் அப்படியே ஓடுகின்றன. நீட்சி எழுதுகிறவர்கள் முடிந்தவரை இப்படியே எழுதுங்கள், உங்கள் நீட்சியை வாங்கிப் போடுகிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

நீட்சியை எங்கே வைப்பது? எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் சிஸ்டம். பயனரின் நீட்சிகளுக்கான ஃபோல்டர் எது என்று அங்கேயே போட்டிருக்கும், பக்கத்தில் திறக்கும் பட்டனும் உண்டு. யாராவது எழுதி வைத்த பாதையைப் பார்த்துத் தேடாதீர்கள், ஃபிளாட்பேக்கில் அது வேறு இடம், விண்டோஸில் வேறு இடம். இரண்டு கோப்புகளை அங்கே போடுங்கள். ஒன்று ஐஎன்எக்ஸ் கோப்பு: நீட்சியின் பெயர், அடையாளம், மெனுவில் எங்கே வர வேண்டும், பயனரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பது எல்லாம் அதில். இன்னொன்று பைத்தான் கோப்பு, வேலையைச் செய்வது அது. ஐஎன்எக்ஸை மாற்றினால் இங்க்ஸ்கேப்பை மூடித் திறக்க வேண்டும், பைத்தான் கோப்பை மாற்றினால் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் அது புதிதாகத்தான் ஓடுகிறது. இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஆரம்பத்தில் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

மெனுவில் உங்கள் நீட்சி வரவே இல்லையா? இங்க்ஸ்கேப்பின் அமைப்பு ஃபோல்டரில் நீட்சிப் பிழைகளுக்கென்று ஒரு லாக் கோப்பு இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள், காரணம் அங்கே எழுதியிருக்கும். பெரும்பாலும் ஐஎன்எக்ஸில் ஒரு டேக் மூடாமல் விட்டிருப்பீர்கள்.

ஐஎன்எக்ஸ் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உரையாடல் பெட்டிக்கென்று ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். "குறியின் நீளம், தசம எண்" என்று எக்ஸ்எம்எல்லில் ஒரு வரி எழுதினால் பெட்டியில் ஒரு எண் கட்டம் வந்து நிற்கும், தேர்வுப்பட்டி வேண்டுமா, டிக் பெட்டி வேண்டுமா, நிறம் தேர்வு செய்யும் சக்கரம் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வகை. லைவ் பிரிவ்யூ என்ற டிக் பெட்டி தானாகவே கீழே வந்துவிடும், அதைப் போட்டுவிட்டு எண்ணை மாற்றினால் படம் உடனே மாறிக் காட்டும். ஆனால் இரண்டு இடத்தில் எல்லோரும் இடறுவார்கள். முதலாவது, எண் கட்டத்துக்கு உச்ச அளவை நாம் எழுதாவிட்டால் அது 10 என்று எடுத்துக்கொள்ளும். 25 என்று அடித்தால் 10-க்குப் போய் நிற்கும், ஏன் என்றே தெரியாது. எண் கேட்கும் ஒவ்வொரு வரியிலும் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் எழுதிவிடுங்கள். இரண்டாவது, டிக் பெட்டி. பைத்தான் பக்கத்தில் அதன் வகையைப் பைத்தானின் பூல் (ஆம்/இல்லை வகை) என்று கொடுத்தால் டிக் எடுத்தாலும் போட்டாலும் எப்போதும் ஆம் என்றே வரும். இங்க்ஸ்கேப் அனுப்புவது "ஃபால்ஸ்" என்ற எழுத்துக்கோவை, காலியாக இல்லாத எந்த எழுத்துக்கோவையும் பைத்தானுக்கு ஆம்தான். இதற்காகவே, நீட்சி எழுதுவதற்கென்று இங்க்ஸ்கேப்போடு வரும் இன்கெக்ஸ் என்ற பைத்தான் நூலகத்தில் தனியாக ஒரு பூலியன் வகை வைத்திருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவதாக ஒன்று, பைத்தான் பழகியவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். நிரலில் எங்கே தவறு என்று பார்க்க நடுவில் ஒரு பிரின்ட் (மதிப்பை எழுதிக் காட்டும் கட்டளை) போடுவோமே, அதை இங்கே போடக்கூடாது. இங்க்ஸ்கேப் உங்கள் படத்தின் நகலை ஒரு தற்காலிகக் கோப்பாக நீட்சியிடம் கொடுக்கிறது. நீட்சி திருத்திய படத்தைத் தன் வெளியீட்டு ஓடையில் கொட்டுகிறது, இங்க்ஸ்கேப் அதை வாங்கிப் படமாகப் படிக்கிறது. நீங்கள் போட்ட பிரின்ட் அந்தப் படத்துக்கு நடுவில் போய் விழும், எக்ஸ்எம்எல் உடையும். செய்தி காட்ட இன்கெக்ஸில் தனிச் செயற்கூறு இருக்கிறது, பிழை ஓடையில் எழுதினாலும் போதும், இங்க்ஸ்கேப் அதை ஒரு பெட்டியில் காட்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு: நீட்சி நடுவில் விழுந்தாலும் உங்கள் படத்துக்கு ஒன்றும் ஆகாது, நகலோடு போய்விடும். நன்றாக ஓடி முடிந்தாலும் அது செய்த அத்தனையும் ஒரே ஒரு கண்ட்ரோல் இசட்டில் திரும்பிவிடும். நாற்பது குறி, நாற்பது எண், ஒரே அழுத்தில் போய்விடும். நான் தைரியமாக எதையும் முயன்று பார்ப்பது இதனால்தான்.

இப்போது அளவுகள். நீட்சி எழுதியவர்கள் யாரைக் கேட்டாலும் இங்கேதான் அதிக நேரம் போயிருக்கும். என் முதல் நீட்சியில் கூட்டல் குறியின் நீளத்தை 10 என்று எழுதியிருந்தேன், பிக்சல் என்ற நினைப்பில். வந்த குறிகள் ஒவ்வொன்றும் துளையைவிடப் பெரியதாக வந்து நின்றன. அளந்து பார்த்தால் நான் நினைத்ததைவிட 3.78 மடங்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் பிடிபட்டது: ஒரு அங்குலத்துக்கு 96 பிக்சல், ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், வகுத்தால் அதேதான். இங்க்ஸ்கேப்பின் ஏ4 வார்ப்புருவில் பக்கம் 210-க்கு 297 என்று வைத்திருப்பதால் கோப்புக்குள் ஓர் அலகு என்பது ஒரு மில்லிமீட்டர். வேறு ஒருவர் அனுப்பும் கோப்பில் அது ஒரு பிக்சலாக இருக்கலாம். ஆகவே நிரலில் வெறும் எண்ணை எழுதாதீர்கள். "2 மில்லிமீட்டர்" என்று அலகோடு கொடுத்து, அதைக் கோப்பின் அலகுக்கு மாற்றித் தரும் செயற்கூறைக் கூப்பிடுங்கள், இன்கெக்ஸில் இருக்கிறது. பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2017-இல் வந்த 0.92 பதிப்பில்தான் அங்குலத்துக்கு 90 என்று இருந்ததை 96 ஆக்கினார்கள், 1.0-இல் செங்குத்து அச்சு மேலிருந்து கீழாக எண்ணுவதை இயல்பாக்கினார்கள். பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதினால் படம் சிறுத்தோ தலைகீழாகவோ வருவதற்கு இவைதான் காரணம்.

துளைகளுக்கு எண் போடும் நீட்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கணக்கு எளிது என்று நினைத்து உட்கார்ந்தவன் நிறையக் கற்றுக்கொண்டது அதில்தான். திட்டம் இது: பயனர் வட்டங்களைத் தேர்வு செய்வார், நீட்சி ஒவ்வொன்றின் மையத்திலும் குறி போட்டு, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக எண் போடும். முதலில் தேர்வில் இருக்கும் வட்டங்களை மட்டும் எடுக்கும்படி எழுதினேன். வேறொரு கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளிலிருந்து வந்த படத்தில் ஓட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை. எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிந்தவை எல்லாம் உள்ளே பாதைகளாக (புள்ளிகளை இணைக்கும் கோடுகளாக) இருந்தன. அதனால் வட்டமா என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் எல்லைப் பெட்டியை வாங்கி, பெட்டியின் நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டேன். அது சரியாக வந்தது.

அப்புறம் வரிசை. செங்குத்து அளவை முதலில் வைத்து, கிடை அளவை அடுத்து வைத்து வரிசைப்படுத்தினால் முடிந்தது என்று நினைத்தேன். முதல் வரிசையில் 1, 2, 3 என்று வர வேண்டிய இடத்தில் 3, 1, 5 என்று வந்தது. எண்களைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தபோது தெரிந்தது, ஒரே நேர்கோட்டில் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும் துளைகள் ஒன்றுக்கொன்று 0.02 மில்லிமீட்டர் ஏறி இறங்கி இருந்தன. வெட்டும் இயந்திரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வரிசைப்படுத்தும் நிரலுக்கோ 0.02 குறைவாக இருப்பது "மேலே இருப்பது". ஆகவே முதலில் வரிசைகளாகப் பிரிக்க வேண்டும்: மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முந்தைய துளைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் அதே வரிசை, தாண்டினால் புது வரிசை. அந்த அளவைப் பயனரே மாற்றும்படி பெட்டியில் ஒரு கட்டமாக வைத்துவிட்டேன். வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத கட்டம் அது, என் தகடுகளுக்கென்றே இருக்கிறது.

குழுக்களும் லேயர்களும் இன்னொரு சோதனை. ஒரு குழுவை மொத்தமாக இழுத்து நகர்த்தியிருந்தால் இங்க்ஸ்கேப் அந்த நகர்வைக் குழுவின் தலையில் எழுதி வைத்திருக்கலாம், உள்ளே இருக்கும் துளையின் எண்கள் பழைய இடத்தையே சொல்லும். புதுக் குறியைக் கொண்டுபோய் வேறு லேயரில் போட்டால் அது பழைய இடத்தில் போய் நிற்கும். எளிய வழி: துளை எந்தப் பெற்றோருக்குள் இருக்கிறதோ அதே பெற்றோருக்குள் குறியையும் சேர்த்துவிடுங்கள், நகர்வும் சுழற்சியும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். எண்ணை நடுவில் நிறுத்துவதற்கும் ஒரு சொல். எழுத்தின் அகலத்தை இன்கெக்ஸால் தானாகக் கணக்கிட முடியாது, எழுத்துருவைப் படித்து வரைவது இங்க்ஸ்கேப்தான், பைத்தான் பக்கம் இல்லை. உரைக்கு நங்கூரம் நடுவில் என்று பண்பு வைத்தால் கிடைமட்டத்தில் தானாக நடுவில் நிற்கும், செங்குத்தில் எழுத்து அளவில் மூன்றில் ஒரு பங்கு இறக்கினால் கண்ணுக்குச் சரியாக இருக்கும். துல்லியமான அகலமே வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப்பையே பின்னணியில் ஓட்டிக் கேட்கும் செயற்கூறும் இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக வரும்.

மெதுவாக என்று சொன்னேன் அல்லவா, குறைகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் படம் முழுக்கக் கோப்பாக எழுதப்பட்டு, பைத்தான் புதிதாகத் தொடங்கி, நூலகங்களை ஏற்றி, வேலை செய்து, திருப்பி எழுதி, இங்க்ஸ்கேப் மறுபடி படிக்கிறது. சின்னப் படத்தில் ஒரு கண் சிமிட்டல், ஆயிரக்கணக்கான பாதைகள் இருக்கும் படத்தில் காத்திருக்க வேண்டும். லைவ் பிரிவ்யூவைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு எண் மாற்றத்துக்கும் இதே சுற்று. இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு: நீட்சியால் மவுஸோடு பேச முடியாது. சுட்டியைப் பிடித்து இழுக்கும்போது கூடவே ஓடுகிற ஒரு கருவியை இப்படி எழுத முடியாது, தேர்வு செய், ஓட்டு, விடை வாங்கு என்ற ஒரே சுற்றுதான். பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் பைத்தான் மென்பொருளுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, மவுஸ் நகர்வைக்கூடக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அங்கே அமைப்புகளில் பைத்தான் டூல்டிப் என்ற டிக் பெட்டியைப் போட்டால் எந்தப் பட்டன் மேல் சுட்டியை வைத்தாலும் அதற்குரிய பைத்தான் கட்டளை தெரியும், நீட்சி எழுதக் கற்பவருக்கு அதைப்போல ஒரு ஆசிரியர் கிடையாது. இங்க்ஸ்கேப்பிலும் அது வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

பதிப்பு மாறும்போது நீட்சிகள் விழுவதும் உண்மை. 2020-இல் 1.0 வந்தபோது பைத்தான் 3-க்கு மாறினார்கள், இன்கெக்ஸ் நூலகத்தையும் பெருமளவு திருத்தி எழுதினார்கள். அதற்கு முன் எழுதிய பல நீட்சிகள் நின்றுபோயின. கட்டளை வரியிலும் பழைய ஏற்றுமதி விருப்பங்கள் சில போய்ப் புதியவை வந்தன. அந்த நேரத்தில் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் புது நூலகத்தில் எழுதியதைப் பழையதோடு வைத்துப் பார்த்தால் பாதி நீளம்தான் இருக்கிறது. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் இதே மாற்றம் 2025 மார்ச்சில் 3.0 வந்தபோதுதான் நடந்தது, அதுவரை அங்கே பைத்தான் 2 நீட்சிகள்தான். கிம்ப் 3-க்கு நீட்சி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நீட்சிக் கோப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் வைக்க வேண்டும், லினக்ஸில் அதற்கு இயங்கும் அனுமதியும் கொடுக்க வேண்டும், இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் தவிர்த்துவிடும்.

அச்சுக்குப் போகிறவர்களுக்கு: இங்க்ஸ்கேப் 1.4 வரை பிடிஎஃப் ஏற்றுமதி ஆர்ஜிபி (திரைக்கான) நிறத்தில்தான், அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே கட்டாயம் என்றால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து எடுங்கள்.

எழுதாமலேயே போட்டுக்கொள்ளக் கூடியவையும் நிறைய. எம்பிராய்டரி இயந்திரத்துக்குத் தையல் கோப்பு தரும் இங்க்/ஸ்டிச், லேடெக் என்ற ஆவண முறையில் எழுதிய சமன்பாடுகளைப் படத்தில் வைக்கும் டெக்ஸ்டெக்ஸ் இரண்டும் தனி மென்பொருளாகவே விற்கக்கூடிய தரம், இரண்டும் கட்டற்றவை. இங்க்ஸ்கேப்போடு வரும் ஹெர்ஷி டெக்ஸ்ட், எழுத்தை ஒற்றைக் கோடாக மாற்றித் தரும். செதுக்கும் இயந்திரத்தில் எழுத்தின் இரண்டு ஓரங்களையும் சுற்றிக்கொண்டிருக்காமல் ஒரே கோட்டில் எழுதச் செய்ய அது இல்லாமல் முடியாது, என் தகடுகளில் எண்கள் எல்லாம் கடைசியில் அதன் வழியாகத்தான் போகின்றன.

எல்லாம் முடிந்ததும் கட்டளை வரி. ஃபோல்டரில் இருக்கும் எல்லா எஸ்விஜி கோப்புகளையும் ஒரே கட்டளையில் பிடிஎஃப் ஆக்கலாம், எழுத்துகளைப் பாதைகளாக மாற்றச் சொல்லும் விருப்பத்தையும் சேர்த்துவிட்டால் வாங்குகிறவரிடம் நம் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. நீட்சியையும் இங்க்ஸ்கேப்பைத் திறக்காமலேயே டெர்மினலில் ஓட்டிச் சோதிக்கலாம். பைத்தானுக்கு இன்கெக்ஸ் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, பொருளின் அடையாளத்தையும் படக் கோப்பையும் கொடுத்தால் திருத்திய படத்தை அப்படியே கொட்டும். ஐந்தாறு மாதிரிப் படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இப்படி ஓட்டிப் பார்ப்பேன்.

அடிக்கடி ஓட்டும் நீட்சிக்குக் குறுக்கு விசையும் வைக்கலாம், பிரிஃபரன்சஸில் இன்டர்ஃபேஸ், அதில் கீபோர்டு. கடைசியாக ஓட்டிய நீட்சியை மறுபடி ஓட்ட ஆல்ட் க்யூ ஏற்கெனவே இருக்கிறது, துளையை நகர்த்து, ஆல்ட் க்யூ, பார், கண்ட்ரோல் இசட், மறுபடி நகர்த்து என்று கை தானாகப் போகும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை: பிரிஃபரன்சஸில் அதே சிஸ்டம் பகுதியில் இங்க்ஸ்கேப்போடு வந்த நீட்சிகளின் ஃபோல்டரும் காட்டியிருக்கும், அதில் நிறங்களைச் சாம்பலாக்கும் கிரேஸ்கேல் நீட்சியை எடுங்கள். ரொம்பச் சின்னது, நிறத்தை வாங்கித் திருத்தித் திருப்பிக் கொடுக்கும் ஒரே ஒரு செயற்கூறுதான் அதன் உயிர். அதன் இரண்டு கோப்புகளையும் உங்கள் ஃபோல்டருக்கு நகலெடுத்து, பெயரை மாற்றி, ஐஎன்எக்ஸில் இருக்கும் அடையாளத்தையும் மறக்காமல் மாற்றி, கணக்கு இருக்கும் வரியில் சிவப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சாம்பலாக்கிப் பாருங்கள். மாட்டினால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.